கடலைச் சட்டியில் நீல மணிகள்

மூன்று வருடங்களுக்கு முன், ஆடி மாதத்து சனிக்கிழமை. குற்றாலத்தில் நல்ல சீசன். தென்காசியில் விடாத சாரல்.

நான் இங்கே ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஆராய்ச்சி மாணவி, மின்சாரம் கடத்தும் ஒருவகை பிளாஸ்டிக்கைக் கண்ணாடித் துண்டுகளில் மிக மெல்லிய படலமாகப் பூசியிருந்தாள். படலத்துக்குள் மூலக்கூறுகள் நிமிர்ந்து நிற்கின்றனவா, படுத்துக் கிடக்கின்றனவா என்பதைப் பொறுத்துத்தான் அதில் மின்சாரம் எப்படிப் பாயும் என்பது. அதை அளக்கும் பெரிய எக்ஸ்ரே கருவி வடநாட்டில் இருக்கிறது. அவளுக்கு அங்கே ஒரே ஒரு நாள் ஒதுக்கியிருந்தார்கள். விட்டால் அடுத்த வருடம்தான். அன்று மாலை ரயில்.

அந்தப் படலத்துக்கு ஈரம் ஆகாது. அதனால் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளைப் போட்டு வைப்போம். காய்ந்திருந்தால் நீலம், ஈரம் ஏறினால் ரோஸ். மதியம் பார்த்தால், கையிருப்பில் இருந்தவை உட்பட எல்லாமே ரோஸ். சூடாக்கினால் மறுபடி காயும். ஆனால் மரம் விழுந்து காலையிலிருந்து கரண்ட் இல்லை. வீட்டு அடுப்பில் சூடாக்கலாம் என்றால், என் வீடு தள்ளிக் கடையத்தில், போய்வர நேரமில்லை. மாணவி ரோஸ் மணிகளை எல்லாம் ஒரு டப்பாவில் அள்ளிக்கொண்டாள்.

கல்லூரி வாசலில், குற்றாலம் ரோட்டோரம் ஒரு அண்ணாச்சி கடலை வறுப்பார். அவளையும் கூட்டிக்கொண்டு அவரிடம் போனேன். இந்தப் பிள்ளை மாலை ரயிலுக்குப் போவதற்குள் இந்த மணிகளை வறுத்துக் காயவைக்க வேண்டும் என்றேன். இது தின்கிற பொருள் இல்லை, இது பட்ட சட்டியில் பிறகு எதையும் வறுக்கக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர் மணிகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"எத்தன மணிக்கு ரயிலு?" என்றார். அவ்வளவுதான்.

பாதி வறுபட்ட கடலையை இறக்கி வைத்தார். கரி அள்ளும் பழைய சட்டியைக் கழுவி அடுப்பில் ஏற்றி, தீயைத் தணித்தார். அருவியில் குளித்து ஈரத் தலையோடு வந்தவர்கள் கூடிவிட்டார்கள். ஒரு பையன், "அண்ணாச்சி, அந்த ரோஸ் கடலையில கால் கிலோ போடும்" என்றான்.

"ஏலே, இது இந்தப் பிள்ளைக்கு வறுக்குதேன். ஒனக்குப் பெறவுதான், நில்லு."

சிலர் நின்றார்கள். பலர் அடுத்த கடைக்குப் போனார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சாரல் சட்டியில் படாமல் தார்ப்பாயை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் கிளறிக்கொண்டே இருந்தேன். ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல நீலம் ஏறியது. மூடிய டப்பாவில் ஆறவைத்து எடுத்துக்கொண்டு ஓடினோம். ரயிலைப் பிடித்துவிட்டாள்.

அளந்து முடித்த அன்று போன் செய்தாள். படலம் கெடவில்லை, மூலக்கூறுகள் நிமிர்ந்துதான் நிற்கின்றன என்றாள். அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். "பிள்ளைக்கு வேல முடிஞ்சிட்டுல்லா, போதும்" என்றவர், அப்போதும் அது என்ன மணி, எதற்கு என்று கேட்கவில்லை.

எனக்கு எதையும் விவரம் முழுக்கக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கைகொடுக்கும் பழக்கம். இப்போதெல்லாம் யாராவது பதற்றத்தோடு வந்து நின்றால், எவ்வளவு நேரம் இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடுகிறேன்.