மாதா பாட்டிலில் இருந்த தண்ணீர்

ரோஸி மாதா உருவ பிளாஸ்டிக் பாட்டிலைப் பிடுங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். காலையில் மாதாவின் கழுத்து வரை இருந்த தண்ணீர் இப்போது இடுப்பு வரைதான் இருந்தது.

"இன்னாடி இப்டிப் புடுங்குற?" பக்கத்து வீட்டு ஹெலினாவின் கையில் நீலக் கிரீடம் இருந்தது. அந்த பாட்டிலுக்குக் கிரீடம்தான் மூடி. "எம் மாமியாருக்கு ஜுரம். கஞ்சிகூட எறங்கல. உன் வூட்டு சாவி என்னாண்டதானே கீது, உன் வேளாங்கண்ணித் தீர்த்தத்த எட்த்து ஊத்தினேன்."

"குடிச்சாங்களாக்கா?"

"மடமடன்னு குடிச்சுது கெழவி. இன்னும் குடுன்னுச்சு."

அது தீர்த்தம் இல்லை. போன வருஷம் இங்கே பருத்திப்பட்டில் தெருக் குழாயில் சாக்கடை கலந்து வந்தபோது ரோஸியின் கணவன் பிரகாசம் பிடித்து வைத்தது. கழுவிய பாட்டில் அது ஒன்றுதான் கைக்குக் கிடைத்தது. "நாளைக்கு எவனாவது தண்ணி நல்லாத்தான் வந்துச்சும்பான். வெச்சிரு" என்றான். அந்த வாரமே வயிற்றுப்போக்கில் செத்துப்போனான்.

பரிசோதிக்காமலே நல்ல தண்ணீர் என்று கையெழுத்துப் போட்ட குடிநீர் இன்ஜினியர் மேல் ரோஸி வழக்குப் போட்டாள். அவளுக்கு அம்பத்தூர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைகளுக்கு நூல் பிசிறு வெட்டுகிற வேலை. திட்டு வாங்கிக்கொண்டே விடுப்பு எடுத்துக் கோர்ட்டுக்குப் போனாள். யார் கையும் படாத இடத்தில் பாட்டிலை வைக்கச் சொன்னார் வக்கீல் ஜெகதீசன். வீட்டில் அப்படிப்பட்ட இடம் ஜெபம் செய்கிற பீடம்தான். தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பக் கோர்ட் இப்போதுதான் உத்தரவிட்டிருந்தது. நாளை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

பாட்டிலை ஆட்டினால் அடியிலிருந்து கறுப்பாக ஒரு நூல் எழும்பும். மாதாவின் வயிற்றுக்குள் மெல்லச் சுற்றி அடங்கும். ரோஸி ஆட்டினாள். நூலைக் காணோம்.

விஷயத்தைச் சொன்னாள். ஹெலினா சிரித்தாள். "மாதா வயித்துல கெடந்த தண்ணிடி. வெசமாவா இருக்கும்?" பிறகு சிரிப்பு நின்றது. "தொண்டைல இன்னாவோ நெளியுதுன்னுச்சு."

ஹெலினா வீட்டுக்கு ஓடினார்கள். மாமியார் அன்னம்மாள் கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தாள். ஆட்டோ கூப்பிடலாம் என்றாள் ரோஸி. ஹெலினா கிழவியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஜுரம் உட்ருச்சுடி."

ரோஸி கட்டிலோரம் உட்கார்ந்தாள். கிழவி செத்தால் பழி தன் மேல். பிழைத்தால் அந்தத் தண்ணீர் நல்ல தண்ணீர் ஆகிவிடும். இரண்டில் எதற்காக ஜெபிப்பது என்று தெரியவில்லை. அன்னம்மாள் அசையவே இல்லை. ஆனால் அவள் வயிற்றுக்குள் தண்ணீர் குலுங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை அன்னம்மாள் எழுந்து கஞ்சி குடித்தாள். "பிரகாசம் ஷிப்ட்டு முடிஞ்சு வந்துட்டானா?" என்று ரோஸியிடம், அவன் இன்னும் உயிரோடு இருப்பதுபோல், கேட்டாள். ரோஸி பூந்தமல்லி கோர்ட்டுக்குப் போய் வக்கீலிடம் பாட்டிலைக் கொடுத்தாள். ஏன் குறைந்திருக்கிறது என்று கேட்டார். வெயிலில் வற்றிவிட்டது என்றாள். யாராவது குடித்தார்களா என்றார். இல்லை என்றாள். ஷேர் ஆட்டோவில் திரும்பினாள். வாசலில் தெருப் பெண்கள், கிழவியின் ஜுரத்தை இறக்கிய தீர்த்தம் கேட்டு, டம்ளரோடு நின்றிருந்தார்கள். அன்னம்மாளும் ஒரு சொம்போடு நின்றாள். தண்ணீர் இல்லை என்றாள் ரோஸி. யாரும் போகவில்லை.