மங்கை அக்கா கேட்கும் முதல் கேள்வி

மங்கை அக்காவின் கைபேசி அடித்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். வணக்கம் இருக்காது. எத்தனை அறை வேண்டும் என்ற விசாரிப்பும் இருக்காது. "என்ன இனம்?" என்றுதான் தொடங்குவாள். இந்தியர் என்று பதில் வந்தால், "ஐயோ, அந்த வீடு இப்பத்தான் போச்சு லா" என்பாள். வீடு எங்கும் போயிருக்காது. மூன்று மாதமாகப் பூட்டிக் கிடக்கும்.

எங்கள் ஈப்போ நகரில் வீட்டு ஏஜென்டுகள் எல்லாரும் கேட்கும் கேள்விதான். ஆனால் அக்கா கேட்பதுதான் எனக்குப் பொறுக்காது. அவள் பிறந்தது சீனக் குடும்பத்தில். ஆறாவதும் பெண் என்று பத்தாம் நாளே கொடுத்துவிட்டார்கள். வாங்கி வளர்த்தவர் பவுனம்மா. சீனர் காப்பிக்கடையில் முப்பது வருடம் கோப்பை கழுவியவர். அக்காவின் முழுப்பெயர் மங்கையர்க்கரசி. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பாள். கோபம் வந்தால் சுத்தமான ரப்பர்த் தோட்டத்துத் தமிழில் ஏசுவாள். முகம் மட்டும் பெற்றவர்களுடையது.

அந்த முகத்தில்தான் பிழைப்பு. பெயர் போட்ட அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது விதி. அவளுடையது கைப்பையை விட்டு வெளியே வந்து நான் பார்த்ததில்லை. சீன வீட்டுக்காரர்கள் அவளைத் தங்கள் பெண் என்றே நினைத்து மனம்விட்டுப் பேசுவார்கள். அவளும் அவர்களின் கான்டனீஸ் மொழியில் பேசிச் சிரிப்பாள்.

ஆறு வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு வெறுங்கையோடு திரும்பிய எனக்கு, எதிர்வீட்டுப் பழக்கத்தில் அக்காதான் வேலை கொடுத்தாள். படம் எடுப்பது, விளம்பரம் எழுதுவது. வெளிநாடுகளில் என் தமிழ்ப் பெயரைக் கேட்டதும் போனை வைத்த வீட்டுக்காரர்கள் உண்டு. இங்கே 'சீனர்களுக்கு மட்டும்' என்ற வரியை நானே தட்டினேன். முதல் நாள் கை கூசியது. பத்தாம் நாள் கூசவில்லை. அதுதான் அசிங்கம்.

பவுனம்மாவுக்குச் சர்க்கரையில் வலது காலின் மூன்று விரல்கள் போயின. இருப்பது நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. எட்டு மாதமாக அவர் தரையை மிதிக்கவில்லை. கீழ்த்தளத்தில் ஒரு வீடு பிடித்துவிட வேண்டும் என்று அக்கா கிடந்து தவித்தாள். இந்தியக் குடும்பம் என்று சொன்ன இடங்களில் அவளுக்கும் அதே பதில்தான் வந்தது: இப்பத்தான் போச்சு.

கடைசியில் சீன வீட்டுக்காரி மேடம் லியோங்கின் மாடியில்லாத வீடு வந்தது. அக்காவிடம் விளம்பரத்துக்கு வந்த வீடு. கதவைத் திறந்தபோது செத்த எலி நாறியது. கழிப்பறையைச் சொல்லவே வேண்டாம். மேடம் லியோங் மூக்கைப் பொத்தவில்லை.

"ஆ மோய், பொண்ணு, இந்தக் கலிங்காரங்க, இந்தியனுங்களுக்கு மட்டும் குடுத்துறாத. மசாலா வாடை செவுத்துல ஏறிடும். அப்புறம் போகவே போகாது."

"தெரியும் ஆண்ட்டி," என்று கான்டனீஸிலேயே சிரித்தாள் அக்கா. "இந்த வீட்ட நானே எடுத்துக்கலாமான்னு பாக்குறேன்."

"நீயா? உனக்கில்லாததா! நமக்குள்ள எதுக்கு வாடகைப் பத்திரம்? முத்திரைக் காசு மிச்சம்."

பத்திரம் இல்லை என்றதில் அக்காவுக்கு ஏக மகிழ்ச்சி. பெயர் எழுத வேண்டியதில்லையே.

நானும் அவளும் இரண்டு நாள் அந்த வீட்டைத் தேய்த்தோம். மூன்றாம் நாள் பவுனம்மாவை நாற்காலியில் தூக்கி இறக்கிக் கூட்டிவந்தோம். வாசல் புல்லில் வெறுங்காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"சில்லுன்னு இருக்குடி, மங்கை."

அப்போதுதான் மேடம் லியோங், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு, சொல்லாமல் வந்து நின்றாள். பழத்தை அக்காவிடம் கொடுத்தாள். கண் பவுனம்மாவின் திருநீற்றில் நின்றது.

"இது யாரு?"

அக்கா பழச்சீப்பைக் கைமாற்றிக்கொண்டாள். பிறகு கான்டனீஸில் சொன்னாள்: "வேலைக்கு வர்ற அம்மா, ஆண்ட்டி."

எனக்கு அந்த மொழி அரைகுறை. அது புரியுமளவுக்குத் தெரியும். நான் யாரென்று கேட்டுவிடப் போகிறாளே என்று துடைப்பத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"வேலைன்னா பரவால்ல. ராத்திரி தங்க மட்டும் விடாத."

பவுனம்மா கையூன்றி எழுந்தார். "தங்கமாட்டேன், முதலாளியம்மா. தேத்தண்ணி போடட்டுமா? சீனி எவ்ளோ?" முப்பது வருடம் காப்பிக்கடையில் கேட்ட கான்டனீஸ். அக்காவுடையதைவிடத் திருத்தம்.

"அடேயப்பா, நம்ம பாஷை பேசுறா! எங்க புடிச்ச இவள?" மேடம் லியோங் விழுந்து விழுந்து சிரித்தாள். பவுனம்மா நொண்டிக்கொண்டே போய்த் தேநீர் கொண்டுவந்தார். அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இல்லாத தூசியைக் கூட்டினேன்.

மேடம் லியோங்கின் கார் தெருமுனை திரும்பியதும் பவுனம்மா கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார்.

"மணி என்ன?"

"ஆறும்மா," என்றாள் அக்கா. "நீங்க படுங்க. இனிமே அவ வரமாட்டா..."

"ஆறு மணியா? வேலைக்காரி கெளம்பணும்ல. என்னைய வீட்ல விட்டுரு."

"அம்மா, நாலு மாடிம்மா! உங்களுக்காகத்தானே சொன்னேன்!"

"எனக்காகவா?" பவுனம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்தார். "நல்லாயிருடி. நாற்காலிய எடு."

அக்கா அழுதாள், காலைப் பிடித்தாள். பலிக்கவில்லை.

பழைய வீட்டுப் படிகளில் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறினோம். மூன்றாவது மாடியில் மூச்சு வாங்க இறக்கி வைத்தபோது அக்காவின் கைபேசி அடித்தது. அவள் எடுக்கவில்லை. நின்று, மறுபடி அடித்தது.

"எடு," என்றார் பவுனம்மா. "நீ பேசுறத நான் காதால கேட்டதே இல்லையே. நீ எப்படிக் கேக்கிறன்னு பாக்குறேன்."

இந்த முறை எழுந்து போக எனக்கு இடமில்லை. படியில் வைத்த நாற்காலி சரியாதிருக்க, அதன் ஒரு கால் என் கையில் இருந்தது.

அக்கா எடுத்தாள். பவுனம்மாவைப் பார்த்துக்கொண்டே அந்த முதல் கேள்வியைக் கேட்டாள்.