கூரையில் போடாத விரல்

ஒரு மாதமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லையே என்று சிலர் விசாரித்திருந்தீர்கள். எழுத உட்கார முடியவில்லை. என் ஏழு வயது மகள் கோமதியின் வலது கை ஆள்காட்டி விரல் சைக்கிள் செயினில் மாட்டி, பாதியோடு போய்விட்டது.

அவள் அப்பா முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கடையிலிருந்து ஆள் கூப்பிட, எழுந்து போனார். இவள் ஒரு கையால் பெடலைச் சுற்றி, மறு கையால் செயினைத் தொட்டிருக்கிறாள்... மேலே எழுத வேண்டாம்.

திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கரி பஸ்தான். யுத்தம் வந்த பிறகு பெட்ரோலுக்கு எங்கே போவது? பின்னால் இருக்கும் கரியடுப்பின் கைப்பிடியைக் கண்டக்டர் சுற்றினால்தான் வண்டி நகரும். அவர் சுற்றும்போதெல்லாம் நான் கோமதியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்வேன்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். பாலவனத்தத்திலிருந்து வந்த நாத்தனார், "பொம்பளப் பிள்ளையாச்சே மதினி, அதுலயும் வலது கை" என்று அழுதுவிட்டு, கிளம்பும்போது கோமதியின் தலையைத் தடவி, "எல்லாம் சரியாப் போயிரும் தாயி" என்றாள். நானும் தலையாட்டினேன். எது சரியாகப் போகும்?

ஒரு மத்தியானம் கோமதி கேட்டாள்: "அம்மா, டாக்டரு என் விரலக் கூரையில போட்டாராம்மா?"

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. சில மாதங்களுக்கு முன் அவளுக்கு முன்பல் விழுந்தது. சாணி உருண்டையில் வைத்துக் கூரைமேல் எறிந்தோம். புதுப்பல் வந்துவிட்டது.

"ஆசுபத்திரி மச்சுக் கட்டடமாச்சே, அவரு எப்படிப் போடுவாரு? நம்மதான் கேட்டு வாங்கியாந்திருக்கணும்" என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போதாததற்கு, அடுப்படியில் ஓர் எட்டுக்கால் பூச்சி இருந்தது. அதன் ஒரு கால் மட்டும் குட்டையாக, சூம்பினாற்போல் இருந்தது. ஏன் அப்படி என்று கேட்டாள். கல்யாணத்துக்கு முன் பள்ளிக்கூடத்தில் இயற்கைப் பாடம் நடத்திய வாய் அல்லவா எனக்கு? "பழைய கால் அறுந்து போயிருக்கும். சட்டை உரிக்கும்போது புதுசு வந்திருக்கும். அடுத்த தடவ உரிக்கும்போது இன்னும் வளரும்" என்று சொல்லிவிட்டேன்.

அன்றோடு பலப்பத்தைத் தொடமாட்டேன் என்றாள். அவள் அப்பா இடது கையில் கொடுத்துப் பார்த்தார். "விரல் வந்தப்புறம் எழுதுறேம்ப்பா. கொஞ்ச நாள்தான?"

அவர் என்னைப் பார்த்தார். நான் பூச்சியைப் பார்த்தேன்.

கட்டு அவிழ்க்கிற நாள் வந்தது. காயத்தைச் சுற்றித் தோல் வெள்ளையாக உரிந்திருந்தது. கோமதியின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "அம்மா, சட்டை உரிக்குது."

கம்பவுண்டர் சிரித்தார். அவருக்கு என்ன தெரியும்?

திரும்பும் வழியில் பஸ் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கினோம். ஓர் உடைமரத்தடியில் உட்கார்ந்து சொன்னேன்.

"தாயி, நமக்கு விரல் முளைக்காது."

"பல்லு முளைச்சுச்சே?"

"பல்லுக்கு அடியில முன்னமே இன்னொரு பல்லு இருந்துச்சு. விரலுக்கு அடியில இல்ல."

சத்தமில்லாமல் அழுதாள். நானும்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பூச்சிக்கு மட்டும் ஏன்?" என்றாள்.

"அது வளரணும்னா சட்டைய உரிச்சாகணும். உரிக்கிறதுக்கு முன்னால உள்ளேயே புதுக்காலையும் செஞ்சுக்கிடும். வளந்து முடிஞ்சு உரிக்கிறத நிறுத்திட்டா அதுக்கும் முளைக்காது."

பிறகு, படித்த ஞாபகத்தில் இன்னும் சொன்னேன். முட்டைக்குள் இருக்கும்போது பூச்சிக்குப் பக்கவாட்டில் வரிசையாக மொட்டுகள் வரும். ஆரம்பத்தில் எல்லாம் ஒரே மாதிரிதான். முன்னால் இருப்பது பல்லாகும், அடுத்தது தடவிப் பார்க்கிற கையாகும், அப்புறம் நாலு ஜோடி கால். வயிற்றடியிலும் சில மொட்டுகள் உண்டு. ஆதியில் அதன் முன்னோர்களுக்கு அங்கேயும் கால் மாதிரி ஏதோ இருந்ததாம். இப்போது அந்த மொட்டுகள் காலாவதில்லை.

"அப்ப வீணாப் போயிருமா?"

"இல்ல. அதுலருந்துதான் நூல் வருது."

ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. பாடத்தில் உள்ளதைத்தான் சொன்னேன். அவள் தன் நடுவிரலை மடக்கி, நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் டிக்கெட்டை அதற்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் இடுக்கினாள். அது நழுவியது. திரும்ப எடுத்தாள்.

இப்போது அந்த இரண்டு விரலால் பலப்பம் பிடிக்கிறாள். எழுத்து கோழி கிளறியது போலத்தான் இருக்கிறது. இருக்கட்டும். 'சரியாப் போயிரும்' என்று நாம் சொல்வதெல்லாம் குழந்தைக்காகவா, நமக்காகவா என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முந்தாநாள் இன்னொரு பல் விழுந்தது. சாணி உருண்டையை அவளே பிடித்தாள், அந்தக் கையாலேயே.

"இதுக்கு அடியில இருக்குல்லம்மா?"

"இருக்கு தாயி."

எறிந்தாள். உருண்டை எங்கள் கூரையைத் தாண்டி அடுத்த வீட்டு முற்றத்தில் போய் விழுந்தது. அவர்கள் இன்னும் சண்டைக்கு வரவில்லை.