நடுவில் காலி இடம் விட்ட ஃபிளெக்ஸ்

பெரிய காஞ்சிபுரத்தில் ஃபிளெக்ஸ் அடிக்கும் கடைகள் நிறைய உண்டு. பேனரைப் பார்த்ததுமே இன்னார் கடை வேலை என்று ஊர் சொல்வது என் கடையை மட்டும்தான். அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். நான் ஐந்தாவதோடு நின்றவன். ஏணியில் ஏறிச் சுவரில் எழுதிப் பிழைத்தேன். ஐம்பது வயதுக்கு மேல் கம்ப்யூட்டரையும் யாரிடமும் கேட்காமல் கற்றேன்.

போன வருஷம் ஐயம்பேட்டையிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவள் அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவள் சென்னையில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். பென் டிரைவில் இருந்த ஒரு படத்தைப் பெரிதாக அடித்துத் தரச் சொன்னாள். மறுநாள் மதியம் அதை மாட்டிவைத்துப் பரீட்சை அதிகாரிகள் முன்னால் பேச வேண்டும். தேறினால்தான் பட்டம்.

படம் முழுக்க வட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு இங்கிலீஷ் சொல். இடது பக்கம் பெரிய வட்டங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. வலது ஓரத்தில் சின்னச் சின்னதாக ஒரு கூட்டம். நடுவில் வெறும் வெள்ளை. எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது, ஆனால் அளவு தெரியும். ஒரு பெயரைச் சின்னதாகப் போட்டால் அந்த ஆள் சண்டைக்கு வருவான். இது இந்தத் தொழிலின் முதல் பாடம். வட்டங்களை எல்லாம் ஒரே அளவாக்கினேன். நடுவில் ஒரு கோபுரமும் இரண்டு பக்கமும் அன்னமும் வைத்து அடித்தேன்.

காலையில் வந்தவள் விரித்துப் பார்த்தாள்.

“கோபுரம் எதுக்கு மாமா?”

“நடுவுல அம்மாம் எடம் காலியா கெடந்துதுமா. அப்படியே வுட்டா, கடைக்காரனுக்கு வேலை தெரியலன்னுவாங்க.”

“அந்தக் காலி எடம்தான் மாமா என் படிப்பே.”

பிறகு விரல் வைத்துக் காட்டினாள். பட்டு நெசவைப் பற்றி வந்த ஆராய்ச்சிக் கட்டுரைகளைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்திருக்கிறாள். அடிக்கடி வரும் சொல்லுக்குப் பெரிய வட்டம். ஒரே கட்டுரையில் சேர்ந்து வரும் சொற்கள் பக்கத்தில் நிற்கும், சேராதவை தள்ளி நிற்கும்.

“இந்தப் பக்கம் நூலு, சாயம், தறி. அந்த ஓரத்துல நெய்யறவங்க, முதுகு வலி, முட்டி வலி. தறியப் பத்தி எழுதறவங்க முதுகப் பத்தி எழுதறது இல்ல. அத்தச் சொல்லத்தான் போறேன்.”

எனக்கு உடனே பிடிபட்டது. “கட்சி பேனர் மாதிரி சொல்லு. எவன் பேரும் எவன் பேரும் ஒண்ணா வரலியோ, ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்ல.”

“அதேதான் மாமா. நீங்க ரெண்டு பேரையும் ஒரே மேடையில ஏத்தி மாலை போட்டுட்டீங்க.”

வெளியே ஆட்டோவில் இருந்த அவள் அப்பா ஹாரன் அடித்தார். “கோபுரத்தோடயே எடுத்துக்கினு வாமா, சாமி பாஸ் போட்டுடும்.”

“சாமி இல்லப்பா கேள்வி கேக்கப் போறது.”

பஸ்ஸுக்கு அதிக நேரம் இல்லை. பென் டிரைவில் அவள் படம் அப்படியே இருந்தது. நான் எதையும் தொடாமல் மறுபடி மெஷினை ஓட்டினேன். வெள்ளை இடம் வெளியே வரும்போது கை பரபரத்தது. ஒரு பூவாவது வைத்திருக்கலாம். வைக்கவில்லை. மை சரியாகக் காய்வதற்குள் சுருட்டினால் ஒட்டிக்கொள்ளும் என்று ஃபேனுக்குக் கீழே பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் ஆட்டோ அவளைப் பஸ்ஸில் சேர்த்துவிட்டது.

பரீட்சை அதிகாரிகள் வெகுநேரம் அந்தக் காலி இடத்தைப் பற்றியே கேட்டார்களாம். அவளும் விடாமல் பதில் சொல்லித் தேறிவிட்டாள். இந்த ஊரில் அவ்வளவு வெள்ளை விட்டு ஒரு ஃபிளெக்ஸ் அடிக்க வேறு எந்தக் கடைக்காரனுக்கும் துணிச்சல் வராது.

கோபுரம் போட்ட முதல் ஃபிளெக்ஸை அவள் அப்பா மழைக்கு ஆட்டோ மேல் போர்த்துகிறார். ஒரு மழைக்காலம் முழுக்க நனைந்தும் ஒரு எழுத்துகூட மங்கவில்லை. என் கடை மை அப்படி.