பத்து நாள் முன்னதாகப் போன தம்பி

லாவோஸுக்குப் போகும் திட்டத்தைப் போட்டவன் நான். போனவன் என் தம்பி. அவன் திரும்பி வருவானா மாட்டானா என்று தெரியாமலே ஏழு மாதம் கழிந்தது. அந்த ஏழு மாதமும் அவன் அம்மா என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அதில் அவள் தப்பு ஒன்றும் இல்லை.

தம்பி என்றால் சித்தி மகன். சித்திக்கு ஒரே பிள்ளை. தாராவியில் பிறந்து, தாராவியிலேயே ஒரு தோல் பைப் பட்டறையில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, இருபத்தாறு வயது வரை, பூர்வீக ஊருக்குப் போய் வந்ததைத் தவிர, கோவாவைத் தாண்டாதவன். வளைகுடா வேலைக்கென்று எடுத்த பாஸ்போர்ட் ஒன்று அவன் பெட்டியில் சும்மா கிடந்தது. அதை ஒருநாள் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்து, “எலே, இதுல ஒரு முத்திரையாவது விழ வேண்டாமா?” என்று கேட்டவனும் நான்தான்.

செம்பூரில் என் ஒற்றை அறையில் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் திட்டம் வளர்ந்தது. தாய்லாந்து வரை மலிவு விமானம். அங்கிருந்து ரயிலும் பஸ்ஸுமாக வடக்கே எல்லை வரை. ஆற்றைக் கடந்தால் லாவோஸ். பிறகு இரண்டு நாள் படகு, அப்புறம் தெற்கே கடைசி ஊர் வரைக்கும் பஸ். தங்குவது எட்டுப் பேர் படுக்கும் அறைகளில். புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் கையோடு. முதுகுப்பைக்குக் கடைக்காரன் சொன்ன விலையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, பட்டறையில் மிஞ்சிய துணியில் தம்பியே இரண்டு பை தைத்துக்கொண்டு வந்தான். கடைப்பையைவிட நன்றாகவே இருந்தது.

எனக்கு சான்பாடாவில் ஓர் அலுவலகத்தில் வேலை. கப்பலில் போகும் சரக்குக்கான ஆவணங்களைச் சரிபார்ப்பது. ஓர் எண் பிசகினாலும் கன்டெய்னர் துறைமுகத்தில் நின்றுவிடும். யாரையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தத் திமிரோடுதான் இந்தப் பயணத்தையும் திட்டமிட்டேன். எந்தப் பஸ் எத்தனை மணிக்கு, எந்த விடுதியில் மூட்டைப்பூச்சி, எந்த எல்லையில் எந்த அதிகாரி சில்லறை கேட்பான் என்பது வரை தேடிப் படித்து, ஒன்றுக்கு மூன்றாக விசாரித்து, நாள்வாரியாகக் கட்டம் போட்டு எழுதிவைத்தேன். தம்பி அதைப் பார்த்து, “அண்ணே, நீ டூர் போறியா, இல்ல கேஸ் நடத்தப் போறியா?” என்று கேலி செய்தான்.

அப்போதுதான் அந்த மனிதர் வந்தார். வெளிநாடு சுற்றும் தமிழர்களுக்கென்று போனில் ஒரு குழு இருந்தது. அதில் நான் படகைப் பற்றி ஏதோ கேட்டிருந்தேன். மறுநாள் எனக்குத் தனியாக ஓர் அழைப்பு. எல்லைக்கு அந்தப் பக்கம் ஏழு வருடமாகக் கடை வைத்திருப்பதாகச் சொன்னார். பேச்சு அச்சு அசலாக எங்கள் தெற்கத்திப் பூர்வீக ஊர்ப் பேச்சு.

“விடுதிக்கு எதுக்கு தண்டமா குடுக்கீய? நம்ம வீடு சும்மாதான கெடக்கு. வந்து எறங்குங்க, மத்தத நான் பாத்துக்கிடுதேன்.”

நான் விவரமானவன் அல்லவா, சோதித்துப் பார்த்தேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் சோதிக்கும் முறையில்தான். “உங்களுக்கு எந்த சாஸ்தா?” என்று கேட்டேன்.

எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சாஸ்தா உண்டு. எந்தச் சீமையில் பிழைத்தாலும் பங்குனி உத்திரத்துக்கு அவரவர் சாஸ்தா கோயிலில் போய் நிற்க வேண்டும். ஒரே சாஸ்தா என்றால் எங்கோ ஒரு தலைமுறையில் ஒரே ரத்தம். தாராவியில் எங்களவர்களுக்கு அறை கிடைப்பதும், பட்டறையில் இடம் கிடைப்பதும், சில வீடுகளுக்குள் பெண் கேட்காமல் இருப்பதும் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான். ஆதார் அட்டை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அவர் கொஞ்சமும் யோசிக்காமல் எங்கள் சாஸ்தாவின் பெயரைச் சொன்னார். குளத்தங்கரையில் இருக்கிற, நூறு குடும்பம்கூட வராத சின்னக் கோயில் அது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. சித்தியிடம் சொன்னபோது அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “ஒரே சாஸ்தான்னா பெறகு என்ன? நம்மாளுதான். தைரியமாப் போயிட்டு வாங்க.”

அன்றிலிருந்து அவர் எங்களுக்கு அண்ணாச்சி. எல்லையைத் தாண்டியதும் தங்குவதற்காக விடுதியில் போட்டுவைத்திருந்த மூன்று இரவு முன்பதிவை நான் ரத்து செய்தேன். கட்டத்தில் ‘அண்ணாச்சி வீடு’ என்று எழுதினேன்.

இப்போது யோசித்தால் ஒவ்வொன்றும் பளிச்சென்று தெரிகிறது. அண்ணாச்சி ஒருமுறைகூட முகம் காட்டிப் பேசவில்லை. நெட்வொர்க் சரியில்லை என்பார். வீட்டில் யார் யார், போலீஸில் சொந்தக்காரர் உண்டா என்று விசாரித்தார். தம்பியிடம், “இங்கிலீஷ்ல டைப் அடிக்கத் தெரியுமாடே?” என்று கேட்டார். “பை தைக்கிறவன்ட்ட கேக்க வேண்டிய கேள்வியா இது?” என்று தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு, படகுத்துறை வரை வர வேண்டாம், அதற்கு முன்பே இறங்கிவிடுங்கள், கார் அனுப்புகிறேன் என்றார். அதையும் கட்டத்தில் திருத்தி எழுதினேன்.

அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேஜையில் மாட்டுங்காவிலிருந்து வரும் ஓர் அம்மா உட்கார்ந்திருப்பார். பாலக்காட்டுப் பூர்வீகம், முப்பது வருட அனுபவம். அண்ணாச்சி எங்கள் பாஸ்போர்ட் நகல்களைக் கேட்டிருந்தார். அவற்றை நான் ஸ்கேன் செய்வதைப் பார்த்துவிட்டு அந்த அம்மா கேட்டார்.

“யாருக்கு இது?”

சொன்னேன்.

“சும்மா தங்க வைக்கறவனுக்கு பாஸ்போர்ட் எதுக்குப்பா? எனக்கென்னமோ சரியாப் படலை.”

அவருக்கு நான் சொன்ன பதிலை எழுதவே கூச்சமாக இருக்கிறது. “உங்க ஆளுங்களுக்கு இதெல்லாம் புரியாது மேடம். எங்க பக்கத்துல ஊர்க்காரன்னா உயிரக் குடுப்பாங்க” என்றேன். அவர் தன் திரையைப் பார்க்கத் திரும்பிவிட்டார். மாட்டுங்காவில் மாடி வீட்டில் வளர்ந்தவருக்கு தாராவியின் பாசம் எங்கே தெரியப்போகிறது என்று எனக்குள் ஒரு இளக்காரம் வேறு.

புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது அலுவலகத்தில் தணிக்கை வந்து என் விடுப்பைப் பிடுங்கிக்கொண்டது. ஒத்திவைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அண்ணாச்சி விடவில்லை. “தம்பிய மட்டும் முன்னால அனுப்புங்க. பத்து நாள் இங்கன இருக்கட்டும். நீங்க வந்ததும் சேந்து சுத்துங்க.” தம்பியின் டிக்கெட் பணம் திரும்பாத வகை. அவன் பட்டறையில் விடுப்புச் சொல்லியாகிவிட்டது. போ என்று சொன்னேன். அபராதம் கட்டி என் டிக்கெட்டை மட்டும் பத்து நாள் தள்ளிப் போட்டேன்.

காலை விமானம். சித்தி பக்கத்துச் சுனாபட்டி வரை டாக்ஸியில் கூட வந்து, பாலத்தடியில் இறங்கிக்கொண்டாள். “தெனமும் போன் போடுலே” என்றாள். அவன் போடுவான். வேலை நாளிலேயே சாப்பிட்டாச்சா, தூங்கினியா என்று நாலு தரம் அம்மாவுக்குப் போன் போடுகிறவன்.

மூன்று நாள் படங்களாக வந்து குவிந்தன. ரயிலில் ஜன்னலோரம் அவன், பஸ் நிலையத்தில் நூடுல்ஸோடு அவன். நான்காம் நாள் ஆற்றங்கரையிலிருந்து ஒரு படம் வந்தது. அக்கரையில் காட்டுக்கு நடுவே உயரமான கட்டடங்கள் நாலைந்து நின்றன. நான் படித்த எதிலும் அந்த இடத்தில் அப்படிக் கட்டடங்கள் இல்லை. ‘இது என்னலே?’ என்று கேட்டு அனுப்பினேன். பதில் வரவில்லை.

இரண்டு நாள் ஒன்றுமில்லை. அண்ணாச்சியிடமிருந்து மட்டும் செய்தி வந்தது: ‘தம்பி சௌக்கியம். போன் தண்ணியில விழுந்துட்டு. நீங்க எப்ப வாரீங்க?’ கூடவே, சாஸ்தா துணை என்று எழுதிய ஒரு சாமி படம். எங்கள் கோயில்தான். சித்திக்கு அனுப்பலாம் என்று பெரிதாக்கிப் பார்த்தேன். படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கையும் கட்டம் போட்ட சட்டையும் பாதியாக வெட்டுப்பட்டிருந்தன. அந்தச் சட்டை என்னுடையது. போன பங்குனி உத்திரத்துக்குக் கோயில் வளைவின் முன்னால் நின்று, ஊர்ப்பெயரும் சாமி பெயரும் தெரிய எடுத்து, உலகமே பார்க்கட்டும் என்று நானே நெட்டில் போட்ட படம். என் கேள்விக்கான விடையை நானே அவர் கையில் கொடுத்துவிட்டு, பிறகு கேள்வி கேட்டிருக்கிறேன். அண்ணாச்சிக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டேன், எடுக்கவில்லை.

மறுநாள் மதியம், சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது தம்பி கூப்பிட்டான். ஏதோ புது எண்.

“அண்ணே, இங்கன சூப்பரா இருக்கு. ஒண்ணும் பயப்படாத. சொன்ன தேதிக்கு வந்துரு.”

பின்னால் பத்து இருபது பேர் ஒரே நேரத்தில் இந்தியில் பேசும் சத்தம். எல்லோரும் ஒரே வாக்கியத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன். “வந்துருவல்லா அண்ணே? எந்த ஃபிளைட்டு?” என்று மூன்று தரம் கேட்டான். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன் துண்டிக்கப்பட்டது.

அம்மாவைக் கேட்காதது வேண்டுமென்றே என்று எனக்குப் பட்டது. வராதே என்று எனக்குப் புரியவைக்கத்தான் கேட்காமல் விட்டான் என்று எடுத்துக்கொண்டேன். சித்தியிடமும் அப்படித்தான் சொன்னேன். தான் மாட்டிக்கொண்டாலும் அண்ணனைக் காப்பாற்றிவிட்டான் என்று தெருவே பேசியது. சித்தி மட்டும், “நீ போட்ட திட்டந்தான” என்றாள். ஒரே ஒரு தடவைதான் சொன்னாள்.

அதற்குப் பிறகு காவல் நிலையம், தூதரகம், மனுக்கள். பதில் வராத மின்னஞ்சல்களுக்கு மேல் மின்னஞ்சல்கள். அவற்றை எல்லாம் எழுதிக் கொடுத்தவர் அந்த மாட்டுங்கா அம்மாதான். அன்றே சொன்னேனே என்று ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை. அது எனக்கு அறை வாங்குவதைவிட அதிகமாக வலித்தது.

ஏழு மாதம் கழித்து, அங்கே மாட்டியிருந்த வேறு பலரோடு அவனையும் தூதரகத்தார் மீட்டு அனுப்பினார்கள். பாதி உடம்பாக வந்தான். பகலெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, முகம் தெரியாதவர்களிடம் பேசிப் பணம் பறிக்கச் சொன்னார்களாம். ஆள் சிக்காத நாளில் அடி. இதற்கு மேல் அவன் சொல்லவும் இல்லை, நாங்கள் கேட்கவும் இல்லை. சில வாரங்களில் பட்டறைக்குப் போக ஆரம்பித்தான்.

ஒரு ஞாயிறு, பட்டறையில் அவன் மட்டும் இருக்கும்போது போனேன். மனதில் இருந்ததைச் சொன்னேன். அன்றைக்கு அந்தப் போனில் நீ என்னைக் காப்பாற்றினாய், இந்தக் கடனை எப்படித் தீர்க்கப்போகிறேன் என்று தெரியவில்லை என்றேன்.

அவன் மெஷினை நிறுத்தினான்.

“நான் ஒன்னியக் காப்பாத்தலண்ணே. ஒரு ஆளக் கொண்டாந்தா என்னிய விட்டுருதோம்னாங்க. நெசமாத்தான் கூப்பிட்டேன்.”

ஊசிக்கடியில் இருந்த துணியைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தான்.

“அம்மாவப் பத்திக் கேட்டா அழுதுருவேன். அழுதா நீ வரமாட்ட. அதான் கேக்கல. நீ வருவ வருவன்னு அந்த நாள எண்ணிக்கிட்டே கெடந்தேன்.”

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நான் அனுப்பினேன், அவன் கூப்பிட்டான். இதில் யார் யாரிடம் கோபித்துக்கொள்வது?

“போன வச்சதும் நீ மொதல்ல என்னண்ணே செஞ்ச?” என்று கேட்டான்.

சித்தியிடம் ஓடினேன், போலீஸுக்கு ஓடினேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். அவனிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன்.

“என் டிக்கெட்டக் கேன்சல் பண்ணேன். அதுக்கப்புறந்தான் மத்ததெல்லாம்.”

அவன் தலையை ஆட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தைக்க ஆரம்பித்தான்.