எல்மோ குனேயாஸ் ஓட்டுக் கேட்கிறார்

வாசலில் வரவேற்க நிற்பவர்களைத் தாண்டி நேராக மாட்டுக் கொட்டிலுக்குள் நுழைந்துவிடுகிறார் எல்மோ குனேயாஸ். வீட்டுக்காரர்கள் பின்னாலேயே ஓடுகிறார்கள். கையிலிருக்கும் தேர்தல் நோட்டீஸ் கட்டைத் தீவனத் தொட்டியின் விளிம்பில் வைத்துவிட்டு, முதல் மாட்டின் முதுகைத் தடவி, "இவ பேரென்ன?" என்கிறார். மனிதர்களை விசாரிப்பதெல்லாம் அப்புறம்தான்.

எங்கள் பக்கத்துச் சாலையில் குளிர்காலம் முழுக்கப் பனி வாரும் வண்டி ஓட்டுகிறவர். கோடையில் அதே சாலையின் குழிகளை அடைப்பார். குட்டையான, அகன்ற உடம்பு. என் கடையில் காபியைக் கசப்பாகவே குடித்து முடித்துவிட்டு, சர்க்கரையைத் தனியாக வாயில் போட்டுக்கொள்வார். "ரெண்டையும் கலந்தா ரெண்டுமே கெட்டுப்போவுது" என்பது அவர் கட்சி.

இப்போது நிஜமான கட்சி ஒன்றும் அவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மாகாண சபைத் தேர்தல் வந்தால், கட்சிப் பட்டியலில் மலைக்கு ஒரு ஆள் இருக்கட்டும் என்று கீழே நகரத்திலிருந்து தேடி வருவார்கள். எங்கள் ஊர் வாக்குச்சீட்டில் சின்னத்துக்குக் குறி போடுவதோடு ஆளின் பெயரையும் எழுதலாம். எழுதுகிற பெயர்தான் ஆளைச் சபைக்குள் அனுப்பும். "நான் வெறும் ஊறுகாதான், எனக்குத் தெரியாதா? ஆனா ஊறுகாய யாராவது அள்ளிப் போட்டுக்கிட்டா உள்ள போயிருவேன்ல" என்று சிரிக்கிறார்.

சிரித்தாலும் அவருக்கு இது விளையாட்டு இல்லை. அவர் மனைவி ஒடில்லாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டன. ரத்தத்தைச் சுத்தம் செய்ய, வாரத்துக்கு மூன்று முறை நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். ஊருக்குக் கீழே ஒரு வளைவில் பனி சரிந்து சாலையை மூடிவிடும். அந்த இடத்தில் சாலைக்குமேல் கான்கிரீட் கூரை போட்டுத் தருவதாக ஒவ்வொரு தேர்தலிலும் சொல்கிறார்கள். போன பிப்ரவரியில் சாலை மூடியது. மேகம் இறங்கியதால் ஹெலிகாப்டரும் வரவில்லை. பனியை வார வேண்டிய எல்மோவையே, இன்னும் சரியும் என்று அதிகாரிகள் தடுத்துவிட்டார்கள். ஒடில்லாவின் முகம் வீங்கிக் கிடந்ததை நான் பார்த்தேன். அந்தக் கூரைக்காகத்தான் இந்த மனிதர் நோட்டீஸ் கட்டோடு அலைகிறார்.

ஆனால் அவருடைய வாய் அவருக்கு ஓட்டு வாங்கித் தராது. எங்கள் ஊரில் பசுக்கள் கொம்பு கோத்துத் தள்ளிச் சண்டை போடும். முதலில் திரும்பிக்கொள்வது தோற்றது, கடைசிவரை நிற்பது ராணி. எந்த வீட்டுக்குப் போனாலும் தங்கள் மாடு ராணியாகுமா என்று கேட்பார்கள். ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும்? "இந்த இடுப்ப வெச்சுக்கிட்டு இவ எதுக்குச் சண்டைக்கு? பாலக் கறந்துட்டுப் பேசாம இரு" என்று போட்டு உடைத்துவிடுவார்.

"ஓட்டுக் கேக்கப் போனீங்களா, மாட்டுத் தரகு பேசப் போனீங்களா?" என்று ஒடில்லா தலையில் அடித்துக்கொள்வாள்.

வியாழக்கிழமை வித்தோரினோ ஷார்ரேரின் மேய்ச்சல் கொட்டிலுக்குப் போனபோது அவளும் கூடவே கிளம்பினாள். வண்டி ஓட்டியது நான். வித்தோரினோவுக்குச் சுற்றுவட்டாரமெல்லாம் சம்பந்திகள். அவர் சொல்கிற பெயரைத்தான் அத்தனை பேரும் எழுதுவார்கள். "இன்னைக்கு ஒரே ஒரு பொய் சொல்லுங்க. எனக்காக" என்றாள் ஒடில்லா. எல்மோ தலையாட்டினார்.

"வாய்யா, வேட்பாளரே" என்று வித்தோரினோ தன் கறுப்புப் பசுவின் பக்கம் இழுத்துப் போனார். "நம்ம மிர்த்தில்லாவப் பாரு. வர்ற ஞாயித்துக்கிழமை சண்டைல ராணி இவதான? ஒன் வாயால கேக்கணும்."

எல்மோ ரொம்ப நேரம் பார்த்தார். பசு கால் மாற்றி நின்றது. ஒடில்லா இருமினாள்.

"ராணிதான்" என்றார் எல்மோ.

வித்தோரினோவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒயின் வந்தது, பாலாடைக்கட்டி வந்தது. "அதுக்கடுத்த ஞாயிறு ஓட்டுப் போடறப்ப எங்க ஆளுங்க சீட்டுல எல்லாம் ஒன் பேருதான், போ" என்று முதுகில் தட்டினார். வெளியே வரும்போது ஒடில்லா கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். நாலு பேர் முன்னால் அப்படிச் செய்கிறவள் இல்லை அவள்.

வண்டியைக் கிளப்பினேன். பின் சீட்டிலிருந்து, "நிறுத்து" என்றார் எல்மோ.

"என்னங்க?"

"வலது பின்னங்காலு. குளம்புக்குள்ள சீழ் வெச்சிருக்கு. அதோட தள்ளுனா அவ காலு போயிரும்."

"தேர்தல் முடியட்டுமே, சொல்லிக்கலாம்."

"சண்டை அதுக்கு முந்தின வாரம், ஒடில்லா."

அவள் கீழே தெரிந்த சாலை வளைவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு எல்மோமேல் கோபம் கோபமாக வந்தது. கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது.

நான் திரும்பிப் பார்த்தபோது, பசுவை வெளியே கொண்டுவரச் சொல்லிக் கொட்டில் வாசலிலேயே மண்டியிட்டுவிட்டார் எல்மோ. பசுவின் பின்னங்கால் அவர் தொடைமேல் இருந்தது. மேலே நின்ற வித்தோரினோவின் முகம் கறுத்துப்போயிருந்தது. எல்மோ நிமிர்ந்து பார்க்கவில்லை. குளம்பைவிட்டுக் கண்ணை எடுக்காமல், சீழை வெட்டி எடுக்கக் கத்தி கேட்டு, ஒரு கையைப் பின்னால் நீட்டியபடியே இருந்தார்.