போடா என்று எழுதியிருந்த கார்

எழுபதுகளில் தி.நகரில் எங்கள் பாத்திரக் கடை வாசலில் ஒரு பழைய ருஷ்யக் கார் நின்றது. வெளுத்த நீலம், மூக்கில் பாயும் மான். என்னுடையதுதான். தெருவே பார்த்துச் சிரித்தது. அதற்காக நான் வெட்கப்பட்டதில்லை, இன்றைக்கும் படப்போவதில்லை.

ஞாயிறு காலைகளில் சாந்தோமில் ருஷ்யத் துணைத் தூதரகம் பக்கம் போய் நிற்பேன், ருஷ்யர்கள் ஓட்டிவரும் கார்களைப் பார்ப்பதற்கென்றே. கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே இன்ன வண்டி என்று சொல்லிவிடுவேன். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். கழுதைகளை விடுங்கள், எனக்குத் தெரியும்.

"யானை அசைஞ்சு தின்னும், வீடு அசையாம தின்னும். ஒன் வண்டி நின்னுக்கிட்டே தின்னுதுலே" என்பார் அண்ணன்.

ஒரு வெள்ளிக்கிழமை மதினியை மயிலாப்பூர் கோயிலுக்கு அழைத்துப்போனேன். லஸ் முனையில் எஞ்சின் கொதித்து ஆவி கிளம்பியது. மதினி பூக்கூடையோடு ரிக்‌ஷாவில் வீடு திரும்பினார். அன்றே அண்ணன் வண்டியை விற்பதென்று முடிவு கட்டிவிட்டார். கோடம்பாக்கத்தில் ஒரு சினிமாக் கம்பெனிக்கு, சண்டைக் காட்சியில் மலையிலிருந்து உருட்டிவிட வெளிநாட்டுக் கார் தேவையாம். திங்கட்கிழமை ஆள் வருவார்.

உருட்டிவிடவா! வெறிநாயைக்கூட அப்படித் தள்ளமாட்டான் மனுஷன்.

ஞாயிற்றுக்கிழமை ராயப்பேட்டை மெக்கானிக்கையும் ஏற்றிக்கொண்டு சாந்தோமுக்கே போனேன். அங்கேயும் கொதித்தது. மெக்கானிக் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த ஒரு மீட்டர் முள்ளைக் காட்டினார். அதன்மேல் நாலு எழுத்து: பி, ஓ, குட்டி வீடு மாதிரி ஒன்று, ஏ.

"வீட்ட 'டி'ன்னு வச்சுக்க நைனா. போடா! வண்டியே சொல்லிகினு கீது. நீ இன்னாத்துக்கு அத்த புட்ச்சிகினு தொங்கற?"

அப்போது அதேபோல் ஒரு கார் எங்கள் பக்கத்தில் வந்து நின்றது. இறங்கிய ருஷ்யர் எட்டிப் பார்த்து, அந்த எழுத்தின்மேல் விரல் வைத்து, "வடா! வடா!" என்றார்.

"பாவம், பசி போல" என்று மெக்கானிக் ஓடிப்போய் டீக்கடையிலிருந்து நாலு மசால்வடை வாங்கிவந்தார். ருஷ்யர் திகைத்தார், சிரித்தார், இரண்டைத் தின்றார். பிறகு தம் காரிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து ரேடியேட்டரில் தண்ணீரை ஊற்றினார். ஊற்றிக்கொண்டே மறுபடி, "வடா."

தண்ணீர்! ருஷ்ய எழுத்தில் அது போடா இல்லை, வடா. சூடு காட்டும் அந்த முள் ஏறும்போதே வண்டியை நிறுத்தித் தண்ணீர் ஊற்று என்று இத்தனை நாளாக அது எழுதிவைத்துக் காத்திருக்கிறது. நாங்கள்தான் வசவு என்று எடுத்துக்கொண்டோம்.

திங்கட்கிழமை சினிமா ஆள் வந்தார். "ஒரு ரவுண்டு போவோம். கொதிச்சா நீங்களே உருட்டிக்கோங்க" என்று அவரைப் பின்னாலும் அண்ணனை முன்னாலும் உட்காரவைத்தேன். வடைக் கதையைச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். அண்ணன் முகம் கொடுக்கவில்லை. அடையாறு பாலத்தில் முள் ஏறியது. ஓரங்கட்டி நிறுத்தினேன். ஆவியில்லை, சத்தமில்லை.

"சார், வண்டி நல்லாத்தான் இருக்கு. கடைசியா ஒரு விலை சொல்லுங்க" என்றார் சினிமா ஆள்.

"இங்க எழுதியிருக்கு, படிங்க" என்று முள்ளைக் காட்டினேன்.

அவர் முன்னால் குனிந்து எழுத்துக் கூட்டினார். "பி… ஓ… டி… போடா?"

"வண்டியே சொல்லிட்டுது. நான் என்ன சொல்ல?"

அண்ணன்தான் முதலில் சிரித்தார். காலடியிலிருந்த தண்ணீர்க் கேனை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"அந்த வடையை ஊத்துலே. கடை தொறக்கணும்."